பவழப்பாம்புக் கடி: வீக்கம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்புக்கடி பற்றிய செய்திகளும் விழிப்புணர்வுக் கட்டுரைகளும் தமிழ் இதழ்களில் முன்பைவிட அதிகமாக வருகின்றன. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அவற்றுள் பலவும், நஞ்சு ஏறினால் கடிவாய் வீங்கும், கடுமையாக வலிக்கும், தோல் நிறம் மாறும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன; அப்படி எதுவும் நிகழாவிட்டால் நஞ்சு இறங்கவில்லை என்று வாசகர் முடிவு செய்துகொள்வது இயல்பு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற விரியன் வகைகளைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஓரளவு பொருந்தும். பவழப்பாம்புகளைப் பொறுத்தவரை இதே எண்ணம் உயிரைப் பறித்துவிடக்கூடியது. மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும் நிலையை நாள்தோறும் கையாண்ட தொழில் என்பதால், இப்பாம்புகளின் நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

பவழப்பாம்புகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவை அடங்கிய எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் மைக்ரூரஸ் என்னும் பேரினத்தில் மட்டும் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் மைக்ரூரஸ் ஃபுல்வியஸ், டெக்சாஸிலும் அதையொட்டிய பகுதிகளிலும் மெக்சிகோவிலும் வாழும் மைக்ரூரஸ் டெனர், பிரேசிலின் மைக்ரூரஸ் கொராலினஸ், மைக்ரூரஸ் ஃபுரொன்டாலிஸ் ஆகியவை மருத்துவ உலகம் நன்கறிந்தவை. அரிசோனாவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் மைக்ரூராய்டிஸ் என்னும் தனிப் பேரினத்தைச் சேர்ந்த சிறு பாம்பு ஒன்று உண்டு. அதன் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆசியாவில் கேலியோஃபிஸ், சைனோமைக்ரூரஸ் ஆகிய பேரினங்கள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் கேலியோஃபிஸ் நைக்ரெசென்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் மிக மெல்லிய கேலியோஃபிஸ் மெலனூரஸ், மலாய்த் தீபகற்பத்திலும் இந்தோனேசியத் தீவுகளிலும் வாழும் நீல நிறக் கேலியோஃபிஸ் பைவிர்கேட்டஸ், இமயமலை அடிவாரம் முதல் சீனா, தைவான் வரை பரவியுள்ள சைனோமைக்ரூரஸ் மக்கிளெல்லண்டி ஆகியவற்றை இங்கே குறிப்பிடலாம்.

இவை பெரும்பாலும் மண்ணுக்கடியிலும், உதிர்ந்த இலைக் குவியல்களிலும், மட்கிய மரக்கட்டைகளின் கீழும் மறைந்து வாழ்பவை. மற்றப் பாம்புகளையும் பல்லியினங்களையும் உண்ணும். தாமாக வந்து மனிதரைக் கடிப்பதில்லை. கடிபட்டோரில் பெரும்பாலோர் பாம்பைக் கையில் எடுத்தவர்கள், அல்லது இலைக்குப்பையையும் மண்ணையும் வெறுங்கையால் கிளறியவர்கள். அழகான, மெல்லிய, சாதுவான பாம்பு என்று எண்ணிக் குழந்தைகள் எடுத்துவிடுவதும் உண்டு. கடிகள் அரிதாக இருப்பதற்குப் பாம்பின் இந்தக் கூச்சமே காரணம். நஞ்சின் வலுக்குறைவு காரணம் அல்ல.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். சிவப்பு வளையம் மஞ்சள் வளையத்தைத் தொட்டால் நஞ்சுள்ளது, கறுப்பைத் தொட்டால் நஞ்சற்றது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடல் வழங்குகிறது. அதைத் தமிழாக்கி, எங்கும் பொருந்தும் உண்மைபோல் வெளியிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை உண்டாகிறது. அந்தப் பாடல் ஐக்கிய அமெரிக்காவில் வாழும் சில இனங்களை மட்டும் மனத்தில் வைத்து எழுந்தது; அங்கேயும் நிறமி மிகுந்தோ குறைந்தோ பிறக்கும் பாம்புகளுக்குப் பொருந்தாது. தென் அமெரிக்காவின் பல மைக்ரூரஸ் இனங்களில் சிவப்பு கறுப்பையே தொடுகிறது, அவை நஞ்சுள்ளவை. அமேசான் பகுதியில் சிவப்பே இல்லாமல் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள இனமும் உண்டு. ஆசிய இனங்களில் பலவற்றுக்கு வளையங்களே கிடையாது. கேலியோஃபிஸ் நைக்ரெசென்ஸின் உடலில் நீளவாக்கில் கோடுகள் ஓடுகின்றன. பைவிர்கேட்டஸோ கருநீல உடலும் செந்நிறத் தலையும் வாலும் கொண்டது. இதற்கு மேல், நஞ்சில்லாத அல்லது நஞ்சு குறைந்த பல பாம்புகள் பவழப்பாம்பின் வளையங்களைப் பெற்றுத் தப்பிப் பிழைக்கின்றன. வட, தென் கரோலினா மாநிலங்களில் களிமண் போன்ற பொருளால் போலிப் பாம்புகளைச் செய்து வெளியில் வைத்து, 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, பவழப்பாம்பு வாழும் பகுதிகளில் வளையமிட்ட போலிகளை ஊனுண்ணி விலங்குகள் தவிர்த்ததையும், அது இல்லாத பகுதிகளில் அவ்வாறு தவிர்க்காததையும் காட்டியது. வேட்டை விலங்குகளையே ஏமாற்றும் ஒப்புமை அது. கடிபட்ட பதற்றத்தில் இருக்கும் மனிதர் பாடலைப் பாடி இனம் பிரித்து, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார் என்று எதிர்பார்ப்பது பொருளற்றது.

இனி கடிக்கு வருகிறேன். விரியன்களின் நச்சுப்பற்கள் நீளமானவை, மடங்கி விரிபவை. பவழப்பாம்புகளின் நச்சுப்பற்களோ மேல்தாடையின் முன்பகுதியில் அசையாமல் பொருந்தியவை, சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. அதனால் கடிவாயில் இரு துளைகள் தெளிவாகத் தெரிவது அரிது. ஒரு சிறு கீறல், ஒரு துளி இரத்தம், சில வேளைகளில் எதுவுமே கண்ணுக்குப் படாது. இதை வைத்து இரண்டு தவறான கருத்துகள் நெடுங்காலமாக உலவுகின்றன. பாம்பின் வாய் மிகச் சிறியது என்பதால் விரலிடுக்கில் மட்டுமே அதனால் கடிக்க முடியும் என்பது ஒன்று. நெடுநேரம் கவ்வி மென்றால்தான் நஞ்சு இறங்கும் என்பது மற்றொன்று. கவ்வியபடி விடாமல் இருக்கும் பழக்கம் இவற்றுக்கு உண்டு என்பதும், அப்படிக் கவ்வினால் அதிக நஞ்சு இறங்க வாய்ப்புண்டு என்பதும் உண்மையே. ஆனால் கணநேரக் கடியிலும் நஞ்சு இறங்கக்கூடும். உடனே உதறிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது ஆறுதலுக்குரிய செய்தியாகலாம், மருத்துவக் கண்காணிப்பைக் கைவிடுவதற்குரிய காரணம் ஆகாது.

கடிபட்ட முதல் சில மணி நேரம்தான் இந்த நஞ்சின் மிக ஏமாற்றும் பகுதி. வீக்கம் இல்லை அல்லது மிகக் குறைவு. வலி பெரும்பாலும் மிதமானது. கடிவாயைச் சுற்றி மரமரப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருக்கலாம். கடிபட்டவர் நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடவும் செய்கிறார். நஞ்சின் அறிகுறிகள் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் தொடங்கலாம். 12 மணி நேரம் வரையிலும், சிலரிடம் அதற்குப் பிறகும்கூடத் தாமதமாகலாம். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாதவரையும் ஏறத்தாழ 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. கடிகளில் கணிசமான பங்கு நஞ்சு இறங்காத வெறுங்கடிகளே. ஆனால் எது வெறுங்கடி, எது தாமதமாகும் நஞ்சுக்கடி என்பதை முதல் சில மணி நேரத்தில் எந்த மருத்துவராலும் கடிவாயைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. அதைக் கண்டறிய, சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை பல மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. பவழப்பாம்பின் நஞ்சு மனிதரில் பொதுவாக இரத்த உறைவைப் பாதிப்பதில்லை என்பதால், அந்தச் சோதனை இயல்பாகவே இருக்கும். வீக்கமும் இல்லை, சோதனையும் சரியாக இருக்கிறது என்று நோயாளியை அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இக்கடியில் மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவை நோயாளியின் கண்ணிமைகளும் தொண்டையும் மூச்சும்.

முதலில் கண்ணிமைகள் கனக்கின்றன. தூக்கக் கலக்கம் என்று குடும்பத்தார் எண்ணிவிடுவார்கள். பிறகு பார்வை மங்குகிறது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, கண்விழிகள் பக்கவாட்டில் நகரத் தடுமாறுகின்றன. பேச்சு குழறுகிறது, குரல் மூக்கின் வழியே வருவதுபோல் மாறுகிறது. விழுங்க முடியாததால் உமிழ்நீர் வாயோரம் வழிகிறது. உமிழ்நீர் அதிகமாகச் சுரப்பதும் உண்டு. கழுத்துத் தசைகள் தளர்ந்து, படுத்திருப்பவரால் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடிவதில்லை. கடைசியாக விலா எலும்பிடைத் தசைகளும் உதரவிதானமும் சோர்கின்றன. மூச்சு ஆழம் குறைந்து வேகமாகிறது, பிறகு நின்றுபோகிறது. கண்ணிமை தாழத் தொடங்கியது முதல் மூச்சு சோர்வது வரையிலான இடைவெளி சில வேளைகளில் மிகக் குறுகியது. ஆகவே, இமை தாழ்ந்தவுடனேயே அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாக வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத இடத்திலும் செவிலியர் ஒருவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியை ஆழமாக மூச்செடுக்கச் சொல்லி, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். முந்தைய மணியில் 30 வரை எண்ணியவர் இப்போது 15-இல் நின்றுவிட்டால், மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதை அறிந்தால் மருத்துவத்தின் திசையும் விளங்கும். நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது, அது தசையின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது, தசை சுருங்குகிறது. பவழப்பாம்பின் நஞ்சில் உள்ள மூன்று விரல் வடிவ நச்சுப்புரதங்கள் அந்த ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கின்றன. பூட்டின் துளையில் வேறொரு சாவி சிக்கிக்கொண்டால் உரிய சாவி கையில் இருந்தும் கதவு திறவாததுபோல, நரம்பு கட்டளையிட்டும் தசை அசைவதில்லை. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்காக மயக்கவியல் மருத்துவர்கள் கொடுக்கும் வெக்யூரோனியம் போன்ற மருந்துகள் செயல்படுவதும் இதே ஏற்பியில்தான். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவிய குராரே என்னும் தாவர நஞ்சு இம்மருந்துகளுக்கெல்லாம் முன்னோடி. அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் தடையை உண்டாக்குகிறது என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். ஆக, ஒவ்வொரு நாளும் உலகெங்கும் எண்ணற்ற நோயாளிகளின் தசைகள் மருந்தால் இதே விதமாகச் செயலிழக்கச் செய்யப்படுகின்றன. அவர்களுக்கு நாங்கள் மூச்சு கொடுக்கிறோம். மருந்தின் வேகம் தணிந்ததும் அவர்கள் தாமே மூச்சு விடுகிறார்கள். பவழப்பாம்புக் கடியில் இறப்பு தவிர்க்கத்தக்கது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

எல்லா இனங்களின் நஞ்சும் ஒன்றல்ல. மைக்ரூரஸ் ஃபுரொன்டாலிஸ் போன்றவற்றின் நஞ்சு பெரும்பாலும் தசைப்பக்க ஏற்பியை அடைப்பது. அத்தகைய கடியில், மயக்க மருந்து முடிந்ததும் தசைத் தளர்வை மாற்றக் கொடுக்கும் அதே நியோஸ்டிக்மின் ஊசி, அட்ரோபினுடன் சேர்த்துக் கொடுக்கப்படும்போது, குறிப்பிடத்தக்க பயன் தந்ததைப் பிரேசில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மைக்ரூரஸ் கொராலினஸின் நஞ்சில் நரம்புமுனையையே தாக்கும் பாஸ்போலைப்பேஸ் வகை நொதிகளும் உள்ளன. நரம்புமுனை சேதமான பிறகு, அது மீண்டும் வளர்ந்து சீராகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டுவிரியன் கடியில் நோயாளிகள் பல நாட்கள் வெண்டிலேட்டரில் இருக்க நேர்வதும் இதே காரணத்தால்தான். மைக்ரூரஸ் ஃபுல்வியஸ் நஞ்சிலும் பாஸ்போலைப்பேஸ்கள் மிகுதி. தசை இழைகளைச் சிதைக்கும் ஆற்றலும் சில இனங்களின் நஞ்சுக்கு இருப்பதால், தசைவலியும், தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவு உயர்வதும் காணப்படலாம். சிறுநீரின் நிறம் கருமையானால் சிறுநீரகங்களைக் கவனிக்க வேண்டும்.

பவழப்பாம்புக் கடி வலிக்காது என்று ஒரே வரியில் எழுதிவிடுவதும் சரியாகாது. டெக்சாஸ் இனத்தின் கடி கடுமையாக வலிக்கக்கூடியது. இரு புரதங்கள் இணைந்து உருவான நச்சு ஒன்று, உணர்வு நரம்புகளில் அமிலத்தை உணரும் அயனிக் கால்வாய்களைத் திறந்துவிடுவதே அந்த வலிக்குக் காரணம் என்பதை 2011-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு விளக்கியது. வெப்ப, தொடு உணர்வு ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக அவரும் ஆர்டம் பட்டபூட்டியனும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆசியாவின் பைவிர்கேட்டஸ் இன்னும் வியப்பானது. அதன் நச்சுச் சுரப்பிகள் தலையில் அடங்காமல் உடல் நீளத்தின் கால் பங்குக்கு மேல் பின்னோக்கி நீள்கின்றன. அதிலுள்ள நச்சுப்புரதம் ஒன்று நரம்புகளின் சோடியம் கால்வாய்களை மூடவிடாமல் செய்து, தசைகளைத் தளர்த்துவதற்கு மாறாக இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. விரைந்து ஓடும் பாம்புகளை இரையாகப் பிடிக்கும் உயிரினத்துக்கு அத்தகைய நஞ்சு பயன்படுவதில் வியப்பில்லை. வலி நிவாரணத்துக்கான புதிய வழிகளை இத்தகைய நச்சுப்புரதங்களின் வழியாக ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். இப்பாம்புகளைக் கண்டவுடன் அடித்துக் கொல்வோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

நோயாளியின் நிலை பற்றி, மருத்துவப் பணியாளர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நஞ்சு தசைகளைக் கட்டிப்போடுகிறது, அறிவை மழுங்கச் செய்வதில்லை. இமை திறக்க முடியாத, விரலசைக்க முடியாத நோயாளி, அருகில் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் வலியை உணர்ந்துகொண்டும் இருக்கக்கூடும். நரம்பு நஞ்சு கடுமையாகத் தாக்கும்போது கண்ணின் பாவைகளும் விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றுவிடலாம். அதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. பாம்புக்கடியில் தசைகள் செயலிழந்தவரை அந்த அறிகுறிகளை மட்டும் வைத்து ஒருபோதும் அவ்வாறு தீர்மானிக்கக் கூடாது. படுக்கையருகே நின்று "இனி நம்பிக்கை இல்லை" என்று பேசுவதைக் காட்டிலும் கொடுமை அந்த நோயாளிக்கு வேறில்லை. அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, தசைகள் மெல்லத் திரும்பும் என்று சொல்ல வேண்டும். அச்சம் தணிய உறக்க மருந்தும் வலி மருந்தும் கொடுக்க வேண்டும். பணியில் இருந்த காலத்தில் இளைய மருத்துவர்களிடம் நான் மிகக் கண்டிப்பாக வலியுறுத்தியது இதைத்தான்.

நஞ்சு முறிவு மருந்தின் கதை தனியே சொல்லத்தக்கது. பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், நாகப்பாம்பின் நஞ்சுக்கு எதிரான சீரத்தை 1890-களில் உருவாக்கினார். அது எல்லாப் பாம்புகளுக்கும் பொருந்தும் என்று கருதப்பட்ட காலத்தில், பிரேசில் நாட்டின் வைட்டல் பிரேசில் என்னும் மருத்துவர், தம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சை அது முறிப்பதில்லை என்பதைக் காட்டி, அந்தந்தப் பாம்பின் நஞ்சுக்கு அதற்குரிய மருந்தே வேண்டும் என்பதை நிறுவினார். அவர் முதல் இயக்குநராக இருந்து 1901-இல் சாவோ பாலோவில் தொடங்கப்பட்ட புட்டான்டான் நிறுவனம் இன்றும் பவழப்பாம்புக்கென்று தனி மருந்து தயாரிக்கிறது. கோஸ்டா ரிக்காவில் 1970-இல் நிறுவப்பட்ட குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும், மெக்சிகோவின் பயோகுளோன் நிறுவனமும் தத்தம் பகுதி இனங்களுக்கு மருந்து தயாரிக்கின்றன. இந்தியாவில் கிடைக்கும் பல்வகை நஞ்சு முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவது. கேலியோஃபிஸ், சைனோமைக்ரூரஸ் கடிகளுக்கென்று அங்கே மருந்து இல்லை. கேலியோஃபிஸ் மெலனூரஸ் மிகச் சிறிய பாம்பு, அதன் கடியால் பெருந்தீங்கு நேர்வது அரிது. ஆனால் மக்கிளெல்லண்டி, பைவிர்கேட்டஸ் ஆகியவற்றின் கடியால் உயிரிழப்புகள் பதிவாகியிருக்கின்றன. அத்தகைய கடியில் மருத்துவர் நம்பவேண்டியது கண்காணிப்பையும், மூச்சுக்குழாயைக் காப்பதையும், வெண்டிலேட்டரையும்தான்.

ஐக்கிய அமெரிக்காவில் வயத் நிறுவனம் குதிரைச் சீரத்திலிருந்து தயாரித்த மருந்து 1967-இல் உரிமம் பெற்றது. அதற்கு முன், ஃபுல்வியஸ் கடிபட்டோரில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை இறந்ததாக மதிப்பிடப்பட்டது. மருந்து வந்தபின் இறப்பு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 2006-இல் புளோரிடாவில் கடிபட்டும் மருத்துவ உதவியை நாடாத ஒருவர் சில மணி நேரத்தில் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளியில் அந்நாட்டில் பதிவான முதல் பவழப்பாம்பு இறப்பு அது. இவ்வளவு பயன் தந்த மருந்தின் உற்பத்தியை வயத் நிறுவனம் 2003-இல் நிறுத்திவிட்டது. கடிகள் மிகக் குறைவு, ஆகவே விற்பனையும் குறைவு. சிறிய பாம்பிலிருந்து ஒரு முறையில் கிடைக்கும் நஞ்சு சில மில்லிகிராம்தான். பாம்புகளையே உண்ணும் இவற்றைக் கூண்டில் உயிரோடு வைத்துப் பேணுவதும் கடினம். இருப்பில் இருந்த மருந்தின் காலாவதி நாளை அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீண்டும் மீண்டும் நீட்டித்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. 2009-இல் வயத்தை வாங்கிய ஃபைசர் நிறுவனம் பிற்பாடு புதிய உற்பத்தியைக் கொண்டுவந்தது. செல்வமும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த ஒரு நாட்டிலேயே, நோயாளிகள் எண்ணிக்கையில் சிலர் என்பதற்காக உயிர்காக்கும் மருந்து இல்லாமல் போகும் நிலை வந்தது எனக்கு இன்றும் மனவருத்தம் தரும் செய்தி. பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரிதான பாம்புகளுக்கான மருந்தை வணிகக் கணக்குக்கு மட்டும் விட்டுவிடாமல் அரசுகள் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு பிரேசிலும் கோஸ்டா ரிக்காவும் எடுத்துக்காட்டாக நிற்கின்றன.

மருந்தை எப்போது கொடுப்பது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிகுறி தோன்றிய பின் மருந்து நிலைமையை மேலும் மோசமாகாமல் தடுக்கலாமே தவிர, ஏற்கெனவே வந்துவிட்ட செயலிழப்பை உடனே மாற்றுவதில்லை என்பதால், ஃபுல்வியஸ் கடி உறுதியானால் அறிகுறிக்குக் காத்திராமல் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய நடைமுறை. மருந்து அரிதான பிறகு, பாதிப்புக் குறைவான டெக்சாஸ் இனக் கடிகளுக்காவது காத்திருந்து பார்க்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. வெண்டிலேட்டரும் பயிற்சி பெற்ற கைகளும் அருகில் இருக்கும் இடத்தில் காத்திருக்கலாம், இல்லாத இடத்தில் காத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். குதிரைச் சீரம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் அட்ரினலின் ஊசியைக் கையருகே வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு வந்தால் அது சீரத்துக்கு உடல் தாமதமாகக் காட்டும் எதிர்வினையான சீரநோயாக இருக்கலாம் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

முதலுதவி பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். கடிவாயை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுகக் கயிறு கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய எதுவும் பயன் தராது, தீங்குதான் தரும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் 1979-இல் வெளியிட்ட அழுத்தக் கட்டு முறை, அதாவது உறுப்பு முழுவதையும் அகலமான மீள்துணியால் மிதமாகச் சுற்றிச் சிம்பு வைத்து அசையாமல் கட்டுவது, கடிவாய்த் திசுக்களைச் சிதைக்காத நரம்பு நஞ்சுகளுக்குப் பொருத்தமானது. ஃபுல்வியஸ் நஞ்சை வைத்துப் பன்றிகளில் செய்த ஆய்வில், நஞ்சின் விளைவை அது தாமதப்படுத்தியது. ஆனால் பயிற்சி இல்லாதவர் கட்டினால் அழுத்தம் கூடியோ குறைந்தோ போகும் என்பதால், கற்றவர்கள் மட்டும் செய்வது நல்லது. போகும் வழியில் வாந்தியோ உமிழ்நீரோ மூச்சுக்குழாயில் இறங்காதபடி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால், வாயோடு வாய் வைத்தோ முகமூடிப் பையாலோ மூச்சு கொடுத்துக்கொண்டே மருத்துவமனையை அடைய வேண்டும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும் வரை அந்த முயற்சி வீண்போகாது. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவிட வேண்டாம். தொலைவில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், முடியாவிட்டால் அதற்காக ஒரு நொடியும் நிற்க வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிறத்தை வைத்துப் பவழப்பாம்பை இனங்காணலாம் என்னும் குறிப்புகளைத் தங்கள் இதழில் இனி வெளியிடாதிருக்க வேண்டுகிறேன். பாம்புக்கடி பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம், வீக்கமும் வலியும் இல்லாத கடியிலும் நஞ்சு இருக்கலாம் என்பதையும், கண்ணிமை தாழ்தல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகிய நான்கும் அதன் தொடக்க அறிகுறிகள் என்பதையும், அவை தோன்றாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்பதையும் ஒரு கட்டத்துக்குள் தனியாக அச்சிட வேண்டுகிறேன். அதற்கான வாசகத்தை எழுதித் தரவோ, தங்கள் உதவி ஆசிரியர்கள் எழுதுவதைச் சரிபார்த்துத் தரவோ எப்போதும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்